அகலமில்லாத கோடு

இந்தக் கதை என்னிடம் நேராக வரவில்லை. ஆசிரியர் தேர்வு எழுதப் போன இடத்தில், மழை விடும்வரை ஒரே சைக்கிள் கொட்டகையில் ஒதுங்கி நின்ற ஒரு பெண் சொன்னார். அவருக்குச் சொன்னது கதை நடந்த ஊருக்கு அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்ட அவருடைய சின்னம்மா. சின்னம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. கைமாறி வந்த பண்டம் என்பதால் ஓரங்கள் தேய்ந்திருக்கலாம். என்னால் சரிபார்க்க முடிந்ததைப் பின்னால் போய்ச் சரிபார்த்தேன். ஊரின் பெயரை மட்டும் மாற்றி, சிறுகோவனூர் என்று வைத்திருக்கிறேன்.

காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், ஊர் ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமுமாக, நடுவே நெல்வயலை வைத்துக்கொண்டு கிடந்தது சிறுகோவனூர். காலனித் தெருமுனையில் நின்று பார்த்தால், வயலுக்கு அந்தப் பக்கம், காலனிக்காரர்களின் சுடுகாட்டு வேப்பமரம் தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் நடுவே கிடந்த வயல் ஊராட்சித் தலைவர் வைத்தியலிங்கத்துடையது என்பதால், அந்த மரத்தடிக்குப் போகும் பிணம் மேற்கே திரும்பி, மதகைச் சுற்றி, வடிகால் வாய்க்காலில் இறங்கி ஏறி, மூன்று கிலோமீட்டர் நடந்துதான் போக வேண்டும். நாலு தலைமுறையாக அப்படித்தான் போயிற்று. வெயில் காலத்தில் செத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றும், ஐப்பசி கார்த்திகையில் செத்தவர்கள் பாவம் செய்தவர்கள் என்றும் காலனியில் ஒரு பேச்சே உண்டு, ஏனென்றால் அந்த இரண்டு மாதமும் வாய்க்காலில் மார்பளவு தண்ணீர் ஓடும்.

தவமணியின் அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் செத்தாள். தூக்கிப் போனவர்களில் ஒருவனுக்கு நடு வாய்க்காலில் கால் வழுக்க, பாடை சாய்ந்து, பிணம் தண்ணீரில் போய், இருபது முப்பது அடி தள்ளி ஆகாயத்தாமரைக்குள் சிக்கி நின்றது. கரையில் நின்ற தவமணிதான் பிறகு அம்மாவின் தலைமுடியிலிருந்து அந்த வேர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. கணக்கின் நிரூபணம் போல 'ஆகவே' என்று சொல்லி முடிக்கக் கூடிய ஒரு வாக்கியம் கிடைத்தால் அழலாம் என்று காத்திருந்தது போல இருந்தாள், கிடைக்கவில்லை.

இப்போது அப்பா கலியன் கட்டிலில் கிடந்தார். நுரையீரல் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புரட்டாசி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

"தவம், நான் எப்பப் போனாலும் சரிதான். அந்தத் தண்ணியில மட்டும் என்னை எறக்கிடாத."

"சரிப்பா" என்றாள் அவள். சரிபார்க்காத எதையும் சரி என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். காலனியிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், பி.எஸ்.சி. கணிதம், ஊர் நடுநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை, கரும்பலகையில் எழுதிய கூட்டலை மூன்று முறை திரும்பிப் பார்ப்பவள். அந்தச் 'சரி'யை மட்டும் சரிபார்க்க வழியில்லாமல் சொல்லிவிட்டாள். ஏனென்றால் பாதை கேட்டு அதுவரை பத்தொன்பது மனு கொடுத்திருந்தார்கள். பத்தொன்பதுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில் வந்திருந்தது.

பள்ளி ஆண்டு விழாவுக்குக் கணக்கிலும் ஒரு நிகழ்ச்சி இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். மற்றவர்கள் பாட்டும் கோலாட்டமும் வைத்திருந்தார்கள். தவமணி ஒலிபெருக்கி முன் நின்று, ஒரு சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததிலேயே தனக்கு மிகவும் பிடித்ததைச் சொன்னாள்.

"எகிப்துல வருஷா வருஷம் நைல் ஆத்துல வெள்ளம் வந்து வரப்பையெல்லாம் அழிச்சிடும். கயித்த இழுத்துப் புடிச்சி மறுபடி அளப்பாங்க. அவங்களுக்கு அளக்கத் தெரியும். அவங்ககிட்ட கத்துக்கிட்ட கிரேக்கத்துக்காரங்க ஒரு கேள்வி கேட்டாங்க: சரியா வருதுன்னு தெரியுது, ஏன் சரியா வருது? ஒரு ஏனுக்குப் பதில் சொன்னா, அந்தப் பதிலுக்கு ஒரு ஏன். அதுக்கும் ஒரு ஏன். எங்கயாவது ஒரு எடத்துல கால ஊனித்தான ஆவணும்? இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, யூக்ளிட்ங்கறவரு அஞ்சு விஷயத்த எழுதி, இத மட்டும் ஒத்துக்குங்கன்னு கேட்டாரு. இதெல்லாம் உண்மைன்னு அடிச்சுச் சொல்லல. கேட்டுக்கிட்டாரு."

"எங்க மனு மாதிரின்னு சொல்லு" என்று பின்னால் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அமிர்தவல்லி, தவமணிக்கு அத்தை முறை, பத்தொன்பது மனுவிலும் முதல் கைநாட்டு அவளுடையது. கூட்டம் சிரித்தது.

"மனு மாதிரிதான் அத்தை. ஆனா ஒரு வித்தியாசம். அந்த அஞ்சையும் ஒத்துக்கிட்டா போதும். அதுக்கு மேல நானூத்தி அறுபத்தஞ்சு விஷயம் இருக்கு, அதுல ஒன்ன கூட அவரு கேக்கல. காட்டினாரு."

மேடை நடுவில், போர்த்திய சால்வையோடு, இரண்டு லட்டு சாப்பிட்ட நிறைவில் இருந்தார் தலைவர் வைத்தியலிங்கம். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இன்னொரு ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டு, "கேளு பாப்பா, கேளு. நான் ஒத்துக்கறேன். தலைவன் ஒத்துக்கிட்டா ஊரே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார். கைதட்டல்.

"முதல் கோரிக்கை. எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் ஒரு நேர்கோடு போடலாம்."

"எந்தப் புள்ளியும்னா?" என்றது அதே குரல். "எங்க தெருமுனையிலேருந்து சுடுகாட்டு வேப்பமரத்துக்குமா?"

தவமணியின் கையில் சாக்குக்கட்டி ஒடிந்தது. அவள் அதை நினைத்து அந்த நிகழ்ச்சியை வைக்கவில்லை, கடைசிவரை அவளை நம்பாதவர்கள் உண்டு என்றாலும். தலைவர்தான் முதலில் சிரித்தார்.

"கணக்குலதான அமிர்தம்? கணக்குல எவ்வளவு வேணா போட்டுக்க. ஒத்துக்கறேன்."

அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற நாலும். எந்தக் கோட்டையும் நேராக நீட்டிக்கொண்டே போகலாம். ஒத்துக்கறேன். எந்த இடத்தை மையமாக வைத்தும் எவ்வளவு பெரிய வட்டமும் போடலாம். ஒத்துக்கறேன். எல்லாச் செங்கோணமும் ஒன்றுக்கொன்று சமம். ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன். ஒரு கோட்டுக்குக் குறுக்கே போகும் இரண்டு கோடு ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தால், நீட்டிக்கொண்டே போனால் என்றைக்காவது சந்தித்தே தீரும். அதையும் ஒத்துக்கறேன்பா, கோலாட்டத்த விடுங்க. முன்னால் இருந்த ஊரும் பின்னால் இருந்த காலனியும் சேர்ந்து கத்தினார்கள்: ஒத்துக்கறோம்.

மறுநாள் காலையில் கோடு இருந்தது.

புல் அறுக்கப் போன அமிர்தவல்லிதான் முதலில் பார்த்தாள். காலனித் தெருமுனையில் தொடங்கி, வரப்பைத் தாண்டி, நடவு முடிந்து பால்பச்சையாய் நின்ற வயலுக்குள் புகுந்து, மோட்டார் கொட்டகையின் சுவரில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, வேப்பமரத்தின் அடியில் போய் நின்றது. வெள்ளை என்று சிலர் சொன்னார்கள், நிறமே இல்லை என்று சிலர் சொன்னார்கள். இந்தப் பக்கப் பனியும் அந்தப் பக்கப் பனியும் சந்திக்கும் இடத்தில், இரண்டு பனியும் இல்லாத ஒன்று இருக்குமே, அது போலத் தெரிந்தது. பார்த்தால் இருக்கும், தொட்டால் விரலுக்குக் கிடைக்காது. மண்வெட்டியால் கொத்தினார்கள், கொத்திய குழிக்குள்ளும் கோடு ஓடியது. தண்ணீர் பாய்ச்சினார்கள், தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மாடு தாண்டியது, பாம்பு தாண்டியது, டிராக்டர் தாண்டியது; கோடு கோடாகவே இருந்தது.

ஊர் அதற்குப் பழக மூன்று நாள் கூட ஆகவில்லை. முதல் நாள் அய்யனார் கோயில் பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கோட்டின் இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி வைத்தார். இரண்டாம் நாள் கொத்தனார்கள் வந்து தங்கள் நூல்கயிற்றை அதன்மேல் பிடித்து நேர் பார்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள் தங்கள் அடிக்கோலைக் கொண்டுவந்து வைத்து, யாருடையது கோணல் என்று சண்டை போட்டார்கள். அதற்கப்புறம், பக்கத்து ஊர்களிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே கோட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள், டீக்கடையில் அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோய் உர விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எப்படி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தலைவர் ஒத்துக்கொண்டார், வந்தது.

சர்வேயர் வந்தார். அவரோடு கிராம நிர்வாக அலுவலரும் ஒரு பதிவேட்டோடு வந்தார். நீளம் அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அகலத்துக்கு முதலில் நாடாவை வைத்தார், பிறகு அடிக்கோல், பிறகு சவரப் பிளேடின் முனை.

"அகலம் இல்லீங்க" என்றார்.

"இல்லன்னா?" என்றார் அலுவலர்.

"இல்லன்னா இல்லதாங்க. நீளம் மட்டுந்தான் இருக்கு."

தவமணி ஓரமாக நின்றிருந்தாள். "கோட்டுக்கு அகலம் கிடையாது சார். அந்தப் புத்தகத்துல அத மொதல்லயே சொல்லியிருக்காரு" என்றாள் மெல்ல.

பதிவேட்டில் பாதை என்று எழுத அகலம் வேண்டும். சுழியம் போட்டால் அது பாதை இல்லை. அலுவலர் பேனாவை மூடினார். அத்தனை நாளாகச் சோறு இறங்காமல் இருந்த தலைவர் அன்றைக்குத்தான் சிரித்தார். வரப்பில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னார்: "குடுத்த வாக்க நான் திருப்பி வாங்குறவன் இல்ல. கோடு ஒங்களுது. நல்லா நடங்க. கோட்ட விட்டு ஒரு விரக்கடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கால் பட்டா, அது என் நெலம்."

வேறு ஊராக இருந்தால் இதைக் கேட்டுக் கோபப்பட்டிருப்பார்கள். காலனிக்காரர்கள் நடந்து பழகினார்கள். கிடைத்தது அகலமில்லாத கோடு என்றால் அகலமில்லாமல் நடக்க வேண்டியதுதான் என்று, குதிகாலுக்கு முன்னால் பெருவிரல், பெருவிரலுக்கு முன்னால் குதிகால் என்று, கூத்தாடி கயிற்றில் நடப்பது போல, காலையும் மாலையும் ஆணும் பெண்ணும் வரிசையாக நடந்தார்கள். இரண்டு பக்க வரப்பிலும் தலைவரின் ஆட்கள் கழியோடு உட்கார்ந்து பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடைக்கு நாலு தோள் வேண்டும், நாலு தோள் ஒரு கோட்டில் நிற்காது. ஆகவே ஒரே மூங்கிலில் தூளி கட்டி, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தூக்குவது என்று முடிவாயிற்று. ஒத்திகைக்கு நெல்மூட்டை போதாது என்றார் கலியன்.

"மூட்டை பேசாம கெடக்கும். நான் இருமுவேன். என்னையே வச்சுப் பாருங்கடா."

"செத்தப்புறமும் இருமுவியா மாமா?" என்றான் தூக்க வந்தவர்களில் ஒருவன்.

"ஒன்னயப் பாத்தா இருமுவேன்."

அவரைத் தூளியில் போட்டுக் கோட்டின்மேல் கொண்டுபோனார்கள். பாதி வயலில் அவர் இருமினார், மூங்கில் ஆடிற்று, முன்னால் போனவனின் சுண்டுவிரல் கோட்டை விட்டு நெற்பயிர்மேல் விழுந்தது; வரப்பில் இருந்த கழி ஒன்று எழுந்தது. அவன் அடியை வாங்கிக்கொண்டு காலைத் திரும்பக் கோட்டில் வைத்தான். வேப்பமரம் வரை போய்விட்டார்கள். கலியன் மரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேலெல்லாம் காஞ்சிருக்குடி தவம்" என்றார். தவமணிக்கு அந்த அடி விழுந்த சத்தம்தான் காதில் நின்றது. இன்றைக்கு இருமல், நாளைக்குப் பிணத்தின்மேல் அந்தக் கழி விழுந்தால்?

அவர்கள் போய்ச் சேர்ந்ததைத் தன் வீட்டு மாடியிலிருந்து தலைவரும் பார்த்தார். அன்று சாயங்காலமே, பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியையே வரவழைத்து, கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, "அன்னைக்கு மேடையில ஒத்துக்கிட்டது அஞ்சையும் நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஊரும் வாங்கிக்குது" என்றார். கோடு, ஈரத்தை வெயில் குடிப்பது போல, வேப்பமரத்துப் பக்கமிருந்து மெல்லப் பின்வாங்கி, தெருமுனையில் வந்து இல்லாமல் போயிற்று.

அது மட்டும் போயிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் அடிக்கல்லை எடுத்துக்கொண்டு சுவரை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. மறுநாள் விடிந்ததும் ஊரில் நேர் என்பது இல்லை. கதவுகள் நிலையில் பொருந்தவில்லை; கொத்தனாரின் நூல் இழுத்துப் பிடித்தாலும் தொய்ந்தது; குழாயில் விட்ட தண்ணீர் எந்த வீட்டுக்கும் போய்ச் சேராமல் பாதியில் வளைந்து வளைந்து நின்றது; வட்டமும் போய்விட்டதால் சைக்கிள் சக்கரங்கள் முட்டை போல ஏறி இறங்கின, பெண்களின் வளையல்கள் கையைக் கவ்வின, தோசை வேண்டுமட்டும் கோணிக்கொண்டது. கடைக்குப் புறப்பட்டவன் கடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மூன்று தெரு சுற்றினான். தலைவரின் பேத்தி நோட்டில் ஓரக்கோடு போட உட்கார்ந்து, அடிக்கோலை வைத்து வைத்து அழுதாள். காலனியில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் ஒத்துக்கொண்டதை அவர்கள் வாபஸ் வாங்கவில்லை. தவமணி தன் வீட்டுச் சுவரில் நூல் பிடித்துப் பார்த்தாள். நேராக இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எண்களோடு விளையாடுகிறோம் என்று நினைத்திருந்தவளுக்கு, இத்தனை கனமான ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் தூக்கிக் காட்டிவிட்டோமே என்று இருந்தது.

ஐப்பசி நாலாம் தேதி காலை, மழை தூறிக்கொண்டிருக்க, கலியன் செத்துப்போனார். வாய்க்காலில் தண்ணீர் மார்பைத் தாண்டி ஓடியது. பறை அடித்தார்கள், குளிப்பாட்டினார்கள், தூளிக்கு மூங்கிலும் பாடைக்கு மூங்கிலும் இரண்டும் வெட்டி வைத்தார்கள், எதை எடுப்பது என்று தெரியாமல். எல்லாரும் தவமணியின் முகத்தைப் பார்த்தார்கள்.

மதியம் வாக்கில் தெருமுனையில் ஒரு ஆள் வந்து நின்றார். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்து, வேட்டியில் சேறும் தோளில் ஆகாயத்தாமரை வேருமாக நின்றவரை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஊருக்கும் காலனிக்கும் நேர்வழி இல்லாமல் போனதால், காலையில் புறப்பட்ட தலைவரின் கால்கள் அவரை மேற்கே திருப்பி, மதகைச் சுற்றி, வாய்க்காலில் இறக்கி ஏற்றிக் கொண்டுவந்திருந்தன. அமிர்தவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தண்ணி எவ்வளவு ஓடுதுங்கய்யா?"

அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் தவமணியிடம் திரும்பினார்.

"டீச்சரம்மா. மறுபடியும் கேளுங்க. ஒத்துக்கறேன்."

"நாலடிப் பாதைன்னு கேளு", "எழுதி வாங்கு", "வண்டி போற மாதிரி கேளு" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தார்கள். கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அவர் எதையும் கொடுத்திருப்பார். தவமணி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் அந்த நனைந்த மனிதரை. நனைந்தவனிடம் பிடுங்கியது காய்ந்ததும் திரும்பப் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது. விழாவில் கேட்ட அதே சொற்களை, ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல் கேட்டாள்.

"எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் ஒரு நேர்கோடு போடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. எந்தப் புள்ளியும்னா எந்தப் புள்ளியுந்தான்."

அவர் யோசித்தார். "ஒத்துக்கறேன்."

தெருமுனையிலிருந்து கோடு ஓடிற்று. ஊரில் ஒவ்வொரு கதவாக நிலையில் போய்ப் பொருந்தும் சத்தம் மழையோடு கேட்டது. இரண்டாவதைக் கேட்டாள், ஒத்துக்கொண்டார். குழாய்த் தண்ணீர் கடைசி வீடு வரை போயிற்று. மூன்றாவதைக் கேட்டாள், ஒத்துக்கொண்டார். அவர் மனைவியின் கையை வளையல் விட்டது.

"நாலாவது. எல்லாச் செங்கோணமும் ஒன்றுக்கொன்று சமம்."

தலைவர் வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"எல்லாம்னா... எங்க வீட்டு மூலையும் ஒங்க வீட்டு மூலையுமா?"

"ஆமாங்க."

"கணக்குலதான?"

"கணக்குலதாங்க."

"போன தடவையும் அப்படி நெனச்சுத்தான் சொன்னேன்." வெகுநேரம் நின்றார். அத்தனை வயதில் அவர் எதையும் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு, பகை இல்லாத, களைத்த குரலில் சொன்னார்: "அது இருக்கட்டும் டீச்சரம்மா. கோடுதான் வந்துடுச்சே. ஒத்த மூங்கில்ல எடுத்துட்டுப் போங்க."

நாலாவது நின்றதால் ஐந்தாவதை அவள் கேட்கவில்லை. குனிந்து, பாடைக்கு வெட்டிய மூங்கிலை எடுத்து நாலு பேரிடம் கொடுத்தாள்.

"பாடையா?" என்றார் தலைவர். "பாடை எப்படிக் கோட்டுல போவும்?"

"ஒரு அடி எடுத்து வைக்கறதுன்னா என்னங்கய்யா?" என்றாள் தவமணி. "கால் இருந்த எடம் ஒரு புள்ளி. கால் போய் விழற எடம் ஒரு புள்ளி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு. அத இப்பதான் ஒத்துக்கிட்டீங்க, கோடு எங்களுதுன்னு அன்னைக்கே சொன்னீங்க. நாலு பேருக்கு எட்டுக் காலு. ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு கோடு. இத நான் கேக்கலங்கய்யா. காட்டறேன்."

தலைவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பாடை எழுந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. அண்ணன் தம்பி இல்லாத தவமணி கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் பாதத்தின் கீழ், வைத்த இடத்திலிருந்து வைக்கப்போகும் இடத்துக்கு ஒரு கோடு ஓடிற்று. தூக்கியவர்களின் எட்டுக் காலுக்கும் எட்டுக் கோடு ஓடிற்று. பின்னால் வந்த பறைக்காரர்களுக்கும், அமிர்தவல்லிக்கும், அவளைப் பார்த்துத் தாங்களும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிய பெண்களுக்கும், ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொன்றாக ஓடி ஓடி, கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, கோட்டுக்குக் குறுக்கே கோடு என்று நெருங்கி நெருங்கி, நாலு பேர் தோளோடு தோள் போகிற அகலத்துக்கு வயல் நடுவே ஒரு வெண்மை கிடந்தது. வரப்பில் கழியோடு இருந்தவர்கள் எழுந்து, எந்தக் காலை அடிப்பது என்று தெரியாமல் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தெருமுனையிலேயே நின்றார். அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டரும் கலியன் நனையாமல் போனார். தூறலுக்குக்கூட மேலே தார்ப்பாய் பிடித்திருந்தார்கள். மரத்தடியில் இறக்கியபோது தவமணி அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அம்மாவுக்கும் சேர்த்து அப்போதுதான் அழுதாள்.

சர்வேயர் மறுபடி வந்து அளந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் அகலம் இல்லை. இல்லாததை எத்தனை முறை கூட்டினாலும் இல்லாததுதான் வந்தது. தலைவரின் பட்டாவில் ஒரு சென்ட் கூடக் குறையவில்லை. தையில் அறுத்தபோது அந்த வெண்மையின் நடுவிலும் நெல் விளைந்திருந்தது. பதிவேட்டில் பாதை என்ற இடம் இன்றுவரை காலி. இருபதாவது மனு பரிசீலனையில் இருக்கிறது. தவமணிக்கு அடுத்த வருஷம் பள்ளியில் வேலை கொடுக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஊரில் யாரும் இப்போது சட்டென்று 'ஒத்துக்கறேன்' என்று சொல்வதில்லையாம். சாப்பிட்டாயா என்று கேட்டாலே யோசிக்கிறார்களாம்.

நான் சரிபார்த்தது இரண்டு. நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன்: அந்த ஐந்துக்கும் கிரேக்கத்தில் அவர்கள் வைத்த பெயருக்குக் கோரிக்கைகள் என்றுதான் பொருள், நாலாவது ஒரே வரி, அதற்கு நிரூபணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, இரும்புக்கடையில் கொத்தனார்கள் செங்கோணம் பார்க்க வைத்திருக்கும் மூலைமட்டம் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவர் மூலையில் வைத்தேன். இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அதையே எடுத்துக்கொண்டு காலனிக்கு நடந்து, தவமணி வீட்டுச் சுவர் மூலையில் வைத்தேன். பையில் தேர்வு நுழைவுச்சீட்டு இருந்தது. சுவருக்கும் மட்டத்துக்கும் நடுவே அதை நுழைத்துப் பார்த்தேன். நுழைந்தது.